இடைவேளைக்குப் பிறகு என்ன நடந்தது?

சுவர்ப் பத்திரிகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்தது என்னுடைய எழுத்தை.

நான் பகிடியாக ஒன்றும் எழுதவில்லை. முந்திய வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் மேடையேறிய, கிணற்று ஏற்றத்தைப் பற்றிய 'துலா' என்ற நாடகத்துக்கு விமர்சனம் எழுதியிருந்தேன். மண்டபத்துக்குப் போகும் நடையில், அறிவித்தல் பலகைக்குப் பக்கத்தில், என் பெயரோடு அது ஒட்டப்பட்டிருந்தது. முதலாம் வருடத்தான் ஒருவனின் எழுத்து அந்தச் சுவரில் ஏறியது அதுதான் முதல் தடவை என்று சொன்னார்கள். எத்தனை பேர் படித்திருப்பார்கள், யார் யார் வந்து கைகொடுப்பார்கள் என்று காலையில் பஸ்ஸில் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

ஒருவர் கடைசிப் பந்தியை உரத்து வாசித்தார். "மூத்தவரின் மனைவி துலாவில் ஏறி நின்ற அந்தக் காட்சியில் மண்டபமே மூச்சடக்கி இருந்தது."

வாசித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "மச்சான், நீ கடைசி மட்டும் இருந்தனியெல்லே? ஆரும் துலாவிலை ஏறினவையோ?"

"துலாவிலை ஒரு காகம் கூட ஏறேல்லை."

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது இரண்டும் சுட்டன. அந்த நாடகத்தின் பின்பாதியை நான் பார்க்கவில்லை. அந்த ஒரு நாடகம் மட்டுமில்லை. வளாகத்துக்குப் போன ஆறேழு மாதத்தில் எந்த நிகழ்ச்சியின் பின்பாதியையும் நான் கண்ணால் கண்டதில்லை.

கடைசி வள்ளம்

நயினாதீவிலிருந்து தினமும் வளாகத்துக்குப் போய் வந்தேன் என்று போன வாரம் எழுதியதை நம்ப முடியவில்லை என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். இப்போது எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் போய் வந்தேன்.

ஐயா தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு தரம் வருவார். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். எனக்கு அனுமதிக் கடிதம் வந்த சந்தோசத்தில் ஐயா எழுதிய கடிதத்தின் கடைசி வரி இதுதான்: 'எங்கே படித்தாலும் இரவுக்கு வீட்டில் ஒரு ஆம்பிளை இருக்கவேண்டும்.' அந்த ஆம்பிளைக்கு அப்போது மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை.

ஆகவே விடியமுன் முதல் வள்ளம். குறிகட்டுவானில் இறங்கினால் பஸ். புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவு என்று கடல்நடுவே போட்ட தாம்போதிகளில் உருண்டு பட்டணம் போய், அங்கே இன்னொரு பஸ். சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வள்ளத்தில் ஏறுவேன். சோளகக் காற்றுக் காலத்தில் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் அடிக்கிற தண்ணீர் முழங்கால் மட்டும் நனைத்துவிடும். பஸ்ஸில் காய்ந்து, முழங்காலில் வெள்ளையாக ஒரு உப்புக்கோடு விழும். என் பெயர் தெரியாதவர்கள் எல்லாம் என்னை 'உப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

போவது கஷ்டமில்லை. திரும்புவதுதான் பாடு. வள்ளம் ஓட்டுகிற கந்தப்பு அண்ணை, பட்டணத்திலிருந்து வருகிற கடைசி பஸ்ஸுக்காகத் துறையில் காத்து நிற்பார். அந்த பஸ்ஸில் வந்தவர்கள் ஏறி முடிந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுவார். அதற்குப் பிறகு நீந்தித்தான் போகவேண்டும். அந்த பஸ்ஸைப் பிடிக்க நான் பின்னேரம் நாலரைக்கு வளாகத்துக் கேற்றடியில் நிற்கவேண்டும்.

வளாகத்து நிகழ்ச்சிகள் மூன்று மணிக்கு என்று போட்டிருப்பார்கள். மைக் சரிவந்து, பிரதம விருந்தினர் வந்து, தொடங்க மூன்றரை ஆகும். நாலேகால் மட்டில் இடைவேளை விடுவார்கள். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். நான் வீட்டுக்குப் போவேன்.

இதனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த மண்டபத்துக்குள் போனாலும் கதவோரம், கடைசி வரிசை, நடைபாதைப் பக்கத்துக் கதிரை. இன்றைக்கும் கலியாண வீடுகளில் நான் அங்கேதான் இருப்பேன். என் மனைவி ஏசிக் களைத்துவிட்டாள்.

பார்த்த அரைவாசிகள்

அப்படியிருந்தும் அந்த அரைவாசிகள் எனக்குப் பெரிய சொத்து.

அதற்கு முதல் எனக்குத் தெரிந்த கலை நிகழ்ச்சி என்றால் அம்மன் கோயில் திருவிழாதான். நாதஸ்வரமும், ஒலிபெருக்கியும், கடலைக்காரியின் கூடையும். வளாகத்தில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று நடந்தது. விரிவுரையாளர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் மாணவர்களோடு இருந்து தாளம் போட்டதைக் கண்டு நான் திகைத்துப்போனேன். காலையில் அவர் முன்னால் எழும்பி நிற்கப் பயந்தவன் நான்.

வெட்டவெளியில் ஆடுகிற வட்டக்களரிக் கூத்தை நாலு சுவருக்குள் ஆடினார்கள். மத்தளம் அடித்தபோது நெஞ்சுக்குள் அடிப்பதுபோல இருந்தது. கவியரங்கில் ஒரு அக்கா வெள்ளைச் சீலையோடு வந்து, தாளைப் பார்க்காமல், யாருக்கும் பயப்படாமல் கவிதை சொன்னார். விவாதத்தில் இரண்டு பக்கமும் சரி என்று எனக்குப் பட்டது. எதைப் பார்த்தாலும் வாய் திறந்தபடி இருந்தேன். முகத்தைக் கொஞ்சம் கெட்டிக்காரன் மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும் என்று வள்ளத்தில் இருக்கும்போது நினைப்பேன். மறுநாள் மறந்துவிடும்.

விவாதத்தில் யார் வென்றது, கூத்தில் ராசாவுக்கு என்ன ஆனது, எதுவும் தெரியாமல் வள்ளத்தில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு போவேன். அந்த வேதனையைத் தீர்த்து வைத்தவள் தவமணி.

"இனி கேளும்"

தவமணி என் வகுப்பு. நெடுந்தீவுக்காரி. சின்ன உருவம், பெரிய குடை. வெயில் என்றாலும் மழை என்றாலும் அந்தக் கறுப்புக் குடை கையில் இருக்கும். நெடுந்தீவிலிருந்து தினமும் வந்து போக ஏலாது, கடல் தூரம். ஆகவே மாணவியர் விடுதியில்தான் இருக்கிறாள், எல்லா நிகழ்ச்சியையும் முழுக்கப் பார்க்கிறாள் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

முதலாவது விவாதத்துக்கு மறுநாள், சைக்கிள் நிறுத்துகிற வேம்படியில் அவளைக் கண்டேன்.

"நேற்று இடைவேளைக்குப் பிறகு என்ன நடந்தது? ஆர் வெண்டது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், முழங்கால் உப்புக்கோட்டைப் பார்த்தாள். பிறகு குடையை வேம்பில் சாத்தினாள்.

"இனி கேளும்," என்றாள்.

அன்றைக்கு அவள் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் எழுந்து வந்து, தான் எழுதி வந்த தாளைச் சபைக்கு முன்னால் கிழித்துவிட்டு, 'முன்னுக்குப் பேசினவரின் நியாயம் என்ரை நியாயத்தைவிடப் பெரிசு' என்று சொல்லிப் போய்க் கதிரையில் இருந்துவிட்டாராம். நடுவர்கள் யாருக்குப் புள்ளி போடுவது என்று தெரியாமல் முழித்தார்களாம். கேட்டு எனக்கு மயிர்க் கூச்செறிந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மறுநாள் வேம்படிதான். மிருதங்கத்தின் வார் அறுந்துபோக, வித்துவான் அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதிரைப் பலகையில் வாசித்து முடித்தாராம். கூத்தில் ராசாவின் மணிமுடி கழன்று விழ, அவர் குனிந்து எடுக்காமல், முடியில்லாத ராசாவாகவே கடைசி மட்டும் ஆடினாராம். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். "பிறகு?" என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டேன். "நல்லாயிருந்தது" என்பார்கள். அதற்குமேல் ஒருத்தருக்கும் சொல்ல வராது.

அண்ணன், தம்பி, ஒரு துலா

'துலா' நாடகத்தை எழுதி நெறிப்படுத்தியவர் ஆனந்தன் அண்ணை. மூன்றாம் வருடம். மெலிந்த மனிதர், தாடி, கோபம் வந்தால் குரல் இறங்கும். அவர் நடத்திய நாடகக் குழுவில் சேர்வதுதான் அப்போது என் ஒரே ஆசை. சுவர்ப் பத்திரிகை நடத்தின குலம் அண்ணை அதைத் தெரிந்துகொண்டு, "முதல் இந்த நாடகத்துக்கு ஒரு விமர்சனம் எழுதும். எழுத்தைப் பாத்துச் சேக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவம்," என்றார்.

கதை இதுதான். ஒரு கிணறு, ஒரு துலா, அண்ணன், தம்பி. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துலா மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். மற்றவர் கிணற்று வாயில் நின்று கயிற்றைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். காணிப் பங்கில் இரண்டு பேருக்கும் சண்டை வருகிறது. துலா அண்ணன் பங்குக்கு, கயிறு தம்பி வாங்கினது. தம்பி கயிற்றையும் வாளியையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். இடைவேளை.

அந்த இடத்தில் எழும்பி பஸ்ஸுக்கு ஓடுவது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் தவமணி சொன்னாள். அண்ணன் படுக்கையில் விழுகிறார். பயிர் வாடுகிறது. ஒரு நாள் அண்ணனின் மனைவி சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்கள் ஒருநாளும் ஏறாத அந்தத் துலாவில் ஏறி நிற்கிறாள். கயிறு இல்லை, வாளி இல்லை. சும்மா ஏறி நிற்கிறாள். ஊர் பார்க்கிறது. தம்பி வருகிறான். ஒன்றும் பேசாமல் கயிற்றைக் கட்டுகிறான். அவ்வளவுதான்.

"ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"கதைக்க என்ன இருக்கு?" என்றாள் தவமணி.

அன்று பின்னேரம் பஸ்ஸில் இருந்து எழுதினேன். முன்பாதிக்கு அரைப் பக்கம், அந்த முடிவுக்கு ஒன்றரைப் பக்கம். பார்த்தது என்றுதான் எழுதினேன். அவள் சொன்னபோது நான் பார்த்தேன் என்றே நினைத்துவிட்டேன்.

வேம்படியில்

சிரித்த கூட்டத்தை விட்டு நேரே வேம்படிக்குப் போனேன். தவமணி நின்றாள். என் முகத்தைக் கண்டதும் அவள் முகம் வெளிறிப் போனது.

"நீர் அந்த நாடகத்தைப் பாத்தனீரோ?"

"இடைவேளை மட்டும்."

"மற்றதெல்லாம்?"

"எல்லாம் இடைவேளை மட்டும்தான்." குடைப் பிடியைத் திருகிக்கொண்டு சொன்னாள். "நான் விடுதியிலை இல்லை. பெரியம்மா வீட்டிலை இருக்கிறன். அஞ்சு மணிக்கு வீட்டிலை நிக்கவேணும். நீர் முன் கேற்றாலை போறனீர், நான் பின் கேற்றாலை போறனான்."

எனக்குக் கோபம் வாயில் வந்து நின்றது. "அப்ப ஏன் சொன்னனீர்?"

"முதல் நாள் நீர் கேட்ட மாதிரியைப் பாத்து, எனக்குத் தெரியாது எண்டு சொல்ல மனம் வரேல்லை. பிறகு, நீர் கேக்கேக்கை எனக்கும் பின்பாதி பாத்தமாதிரி இருந்தது."

கிழித்த தாள், அறுந்த வார், முடி விழுந்த ராசா. எல்லாம் இவள் தலைக்குள் நடந்தவை. கோபப்பட வந்தவன் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் நின்றேன். இவ்வளவையும் ஒரு இரவுக்குள், ஒவ்வொரு வாரமும், எனக்காகச் செய்திருக்கிறாள். இப்படி ஒருத்தியை நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

"ஒண்டு மட்டும்," என்றாள். "பெரியம்மாவுக்கு நான் இஞ்சை ஒரு பெடியனோடை நிண்டு கதைக்கிறன் எண்டு தெரிஞ்சால், அடுத்த வள்ளத்திலை ஊருக்கு ஏத்திப்போடுவா. படிப்பும் முடிஞ்சுது."

நாடக அறை

மத்தியானம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஒத்திகை நடக்கிற அறையில் ஆனந்தன் அண்ணையும் குலம் அண்ணையும் இருந்தார்கள். மூத்தவரின் மனைவியாக நடித்த வசந்தா அக்கா மூலையில் இருந்து கிழிந்த உடுப்பொன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

ஆனந்தன் அண்ணையின் குரல் நன்றாக இறங்கியிருந்தது. "இடைவேளையோடை போனனான் எண்டு எழுதியிருக்கலாமே, தம்பி. நான் கோவிச்சிருக்க மாட்டன். நான் எழுதாத முடிவை ஏன் என்ரை தலையிலை கட்டினனீர்?"

"பிழைதான் அண்ணை."

"உது உம்மடை கற்பனை இல்லை. முன்பாதியை எழுதின எழுத்தைப் பாக்கத் தெரியுது," என்றார் குலம் அண்ணை. அது வலித்தது, ஆனால் சரி. "ஆர் சொன்னது?"

நான் முழங்கால் உப்பைத் தட்டிவிட்டேன்.

"சொன்னால் பிரச்சினை அவையோடை போகும். சொல்லாட்டி இனிச் சுவரும் இல்லை, நாடகக் குழுவும் இல்லை."

"சரி அண்ணை," என்றேன். அந்தக் குழுவுக்காகத்தான் அவ்வளவு நாளும் விடியற்காலைக் கடலில் நனைந்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திரும்பினால் வாசலில் தவமணி. குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நான்தான் சொன்னது," என்றாள். "இவர் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை. ரெண்டு பேரும் தீவார். நீங்கள் எல்லாத்தையும் பின்னேரத்திலை வைச்சால் எங்களுக்கு அரைவாசிதான் கிடைக்கும். மற்ற அரைவாசியை நாங்கள்தானே செய்யவேணும்?"

அந்த அறையில் ஊசி ஓடுகிற சத்தம் கூட நின்றுவிட்டது. பெரியம்மா, வள்ளம், படிப்பு எல்லாம் தெரிந்துகொண்டு வந்து நிற்கிறாள். என் தைரியம் வாயை மூடிக்கொண்டு நிற்கிற தைரியம். அவளுடையது வாசலுக்கு வருகிற தைரியம். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

ஆனந்தன் அண்ணை என் விமர்சனத்தைக் கையில் எடுத்து மறுபடியும் கடைசிப் பந்தியைப் படித்தார்.

"மேடையிலை நிக்கிற துலா மூங்கில், தங்கச்சி. ஆள் ஏறினால் முறியும்."

"அது உங்கடை துலாவிலை உள்ள பிழை, அண்ணை."

வசந்தா அக்கா சிரித்தார். "எனக்குப் பின்பாதியிலை ஒரு வசனம் கூட இல்லை, ஆனந்தன். அதையும் சொல்லட்டோ?"

"நாடகத்தின்ரை முடிவு மாறாது," என்றார் ஆனந்தன் அண்ணை. ரோசக்காரர். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆனால் பகலிலை, உங்கடை பக்கத்திலை வந்து போடுவம். ரெண்டு பேரும் கடைசி மட்டும் இருந்து பாக்கவேணும். பாத்திட்டு விமர்சனத்தைத் திருப்பி எழுதும்."

வேம்படிக் கதை அந்த நாலு சுவருக்குள்ளேயே நின்றது. குலம் அண்ணை அன்றைக்கே சுவரிலிருந்து என் எழுத்தைக் கழற்றினார். நல்ல மனிதர்.

பள்ளிக்கூடத்துக் கிணறு

ஊருக்கு வந்து கந்தப்பு அண்ணையிடம் சொன்னேன்: "சனிக்கிழமை காலமை நாடகம். ஒரு துலா வேணும்."

நாடகத்துக்கு என்று நான் சொன்னதை அவர் கேட்டார். ஆனால் எங்கள் ஊராருக்குப் பொய்த் துலா கட்டத் தெரியாது. நாலு பேர் சேர்ந்து நல்ல வைரம் பாய்ந்த பனையொன்றைச் சீவி எடுத்து, தாங்க இரண்டு பெரிய கப்புத் தூண் நட்டு, ஏற்றிவிட்டார்கள். வெறும் வெட்டையில் நடுவானேன், கிணற்றடியில் நட்டால் நாடகம் முடியப் பள்ளிக்கூடத்துக்கும் உதவுமே என்று பள்ளிக்கூடத்துக் கிணற்றடியிலேயே நட்டார்கள். பிடித்து நடக்கக் கைத்தடியும் கட்டினார்கள்.

சனிக்கிழமை சோளகம் பலமாக வீசியது. நடிகர்கள் வள்ளத்தால் இறங்கும்போது ஆனந்தன் அண்ணைக்கு முகம் பச்சையாக இருந்தது. வழி முழுக்கச் சத்தி எடுத்திருந்தார். தவமணியோடு பெரியம்மாவும் வந்தார். அம்மனைக் கும்பிடக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விடுவாரா? நேரே கோயிலுக்குப் போய்விட்டார்.

கிணற்றடிக்கு வந்த ஆனந்தன் அண்ணை துலாவைப் பார்த்து அப்படியே நின்றார். "இது உண்மைத் துலா."

"பொய்யாக் கட்டுறது எப்பிடித் தம்பி?" என்று கந்தப்பு அண்ணை உண்மையாகவே கேட்டார்.

ஊர் முழுக்க மணலில் வந்து இருந்தது. அம்மா முன்வரிசையில். முன்பாதி வளாகத்தில் ஆடியதைவிட நன்றாக ஆடினார்கள். தம்பி கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, பின்னாலிருந்து யாரோ "உது கூடாத வேலை" என்று ஏசினார்கள்.

இடைவேளை என்றார்கள்.

நானும் தவமணியும் ஒரே நேரத்தில் எழும்பி நின்றோம். நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அவள் குடையை எடுத்துவிட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு மறுபடியும் மணலில் இருந்துகொண்டோம். அம்மாதான் எழும்பிப் போனார். நடிகர்கள் எல்லாருக்கும் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, உலையில் அரிசி.

மங்களம் இல்லாத முடிவு

ஆனந்தன் அண்ணையின் பின்பாதி நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அண்ணன் தனியாகப் பயிரோடு போராடிக் கிணற்றடியில் விழுந்து இறக்கிறார். மனைவி தலைமாட்டில் இருக்கிறாள். தம்பி கயிறும் வாளியுமாக ஓடி வருகிறான், பிந்திவிட்டான். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் பேசுகிற பேச்சில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தவமணியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் பாடமாக்குகிறாள் என்று நினைத்தேன்.

பேச்சு முடிந்தது. மண்டபத்தில் அந்த இடத்தில் விளக்கை அணைப்பார்கள். அதுதான் முடிவு.

நயினாதீவில் உச்சி வெயில். அதை யார் அணைப்பது? ஆனந்தன் அண்ணை அதை யோசிக்கவே இல்லை. தம்பி கயிற்றோடு நிற்கிறான். செத்த அண்ணன் மணலில் கிடக்கிறார், மூக்கில் ஒரு இலையான் பறந்து வந்து இருக்கிறது. ஓலைத்தட்டிக்குப் பின்னால் ஆனந்தன் அண்ணை முடிந்துவிட்டது என்று கையைக் காட்டுகிறார். சனம் அசையவில்லை. மங்களம் பாடாமல் எங்கள் ஊரில் கூத்தோ நாடகமோ முடிந்ததாக யாரும் எழும்புவதில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று காத்திருந்தார்கள்.

அப்போது வசந்தா அக்கா எழும்பினார். சீலையை இழுத்துச் செருகினார். கப்பில் கால் வைத்துத் துலாவில் ஏறினார்.

தவமணி என் கைச்சட்டையைப் பிடித்தாள். பிடித்தது அவளுக்குத் தெரியாது.

பட்டணத்துப் பிள்ளை, அதற்கு முதல் ஒரு மதிலில் கூட ஏறியிருக்க மாட்டார். துலா ஆடியது. சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்: "கவனம் பிள்ளை, தடியைப் பிடி. காலைக் குறுக்காலை வை." வசந்தா அக்கா காலைக் குறுக்காக வைத்தார். நின்றார். கீழே பார்க்காமல் தம்பியைப் பார்த்தார்.

தம்பியாக நடித்தவர் ஓலைத்தட்டியைப் பார்த்தார், அங்கிருந்து ஒரு உதவியும் வரவில்லை. கையில் கயிறும் வாளியும் இருந்தன. நடந்து போய்த் துலா நுனியில் கட்டினார். வசந்தா அக்கா இரண்டு அடி முன்னால் வைத்தார். வாளி கிணற்றுக்குள் இறங்கியது. இரண்டு அடி பின்னால் வைத்தார். வாளி நிறையத் தண்ணீரோடு மேலே வந்தது. தம்பி பிடித்து ஊற்றினார். தண்ணீர் மணலில் ஓடி, செத்த அண்ணனை முதுகு முழுக்க நனைத்து, முன்வரிசைப் பிள்ளைகளின் கால்மட்டும் வந்தது. அந்த அண்ணன் அசையவே இல்லை. அவருக்கும் ஒரு பாராட்டு எழுதவேண்டும்.

கந்தப்பு அண்ணைதான் எழும்பி நின்று, தன் கரகரத்த குரலில் மங்களத்தைத் தொடங்கினார். சனம் முழுக்கச் சேர்ந்து பாடியது.

ஆனந்தன் அண்ணை எங்களிடம் வந்தார். பச்சை முகம் இப்போது சிவந்திருந்தது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். தவமணியைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த நாடகம் எழுத முதலே வாரும். மத்தியானத்திலை எழுதுவம்."

"வாறன் அண்ணை," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்: "நான் சொன்னதிலை தண்ணி இல்லை. எனக்கு அது தோன்றேல்லை. இதுதான் நல்லது." தன் கதையைவிட இன்னொருவர் செய்தது நல்லது என்று சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்து இருந்தது. முதல் விவாதத்தில் தாளைக் கிழித்த அந்த மூன்றாவது பேச்சாளர் யார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பின்னேரம்

எல்லாரும் சாப்பிட்டு, பின்னேர வள்ளத்தில் ஏறிப் போனார்கள். தவமணியின் பெரியம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு போனார். நாடகக் குழுவில் நான் இருக்கிறேனா என்று யாரும் சொல்லவில்லை. துறையில் குலம் அண்ணை உடுப்புப் பெட்டியை என் கையில் தந்து, "திங்கட்கிழமை கொண்டு வாரும், கடல்தண்ணி படாமல்," என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கிணற்றடியில் கறிச்சட்டிகள் கழுவிக்கொண்டிருந்தார். கை நிறையச் சாம்பல். சோறும் குழம்பும் அவ்வளவு பேருக்கும் காணுமா என்ற பதட்டம் அப்போதுதான் இறங்கியிருந்தது.

"தம்பி," என்றார். "அவன் கயிற்றைக் கொண்டு போனதோடை நான் வந்திட்டன். இடைவேளைக்குப் பிறகு என்ன நடந்தது?"

உடுப்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டில் இருந்தேன்.

"இனிக் கேளுங்கோ அம்மா," என்றேன்.

ஒன்றும் விடாமல் சொன்னேன். மூக்கில் இருந்த இலையானைக் கூடச் சொன்னேன். வசந்தா அக்கா துலாவில் ஏறினதைச் சொன்னபோது அம்மாவின் கை சட்டிக்குள் நின்றுவிட்டது.

"பொம்பிளைப் பிள்ளை துலாவிலை ஏறினவளோ? நீ பாத்தனியோ?"

"ஓம் அம்மா," என்றேன். "கடைசி மட்டும் இருந்து பாத்தனான்."